சட்ரஸ் மாமாவும் புன்னைப்பத்து அருவியும்

ஜூலை 22, செவ்வாய்

இளவழகன் அண்ணன் இன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் உட்கார வைத்தாலே விஷயம் பெரிது. நிற்க வைத்துத் திட்டினால் அது சாதாரணத் திட்டு, டீ வந்ததும் மறந்துவிடுவார்.

"தம்பி, நம்ம டிராவல்ஸ் பேஜ்ல பெரிய கோயில் வீடியோ எத்தன போட்டிருப்ப?"

"நெறைய போட்டிருக்கேன்ணே."

"அந்த நந்தியே சலிச்சிப்போயி எந்திரிச்சிப் போயிடும்போல இருக்கு. ட்ரோன்ல கோயிலு, மழையில கோயிலு, சாயங்காலக் கோயிலு. ஊரே அதத்தான் போடுது. அதுக்கு நம்ம வண்டியில எதுக்கு ஏறணும்? புதுசா ஒரு எடம் புடி. இல்லன்னா பேசாம கவுண்ட்டர்ல உக்காந்து டிக்கெட் போடு."

தஞ்சாவூரில் புதுசாக ஒரு இடமாம்! வண்டியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தேடினேன். வயல், வாய்க்கால், வயல், செங்கல் சூளை, மறுபடியும் வயல். இதையா காட்டுவது? கவுண்ட்டரில் உட்கார்ந்தால் அம்மா சந்தோஷப்படுவாள். ஃபேன் காற்று வரும் வேலை என்பாள்.

ஜூலை 24, வியாழன்

புன்னைப்பத்துக்குப் போனேன். வேலை விஷயமாக.

பொய். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். திருவையாற்றில் லேப் வேலை முடித்துவிட்டு சான்ட்ரா அந்த வாய்க்கால் கரை வழியாகத்தான் ஸ்கூட்டியில் வருவாள். நான் கரையில் எதையோ படம் எடுப்பதுபோல நின்றால் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திப் பேசுவாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் என்னத்தை வேண்டுமானாலும் படம் எடுப்பேன். போன வாரம் ஒரு எருமையை எடுத்தேன்.

இன்று எருமை இல்லை. சட்ரஸை எடுத்தேன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் இரும்புப் பலகையைத் தூக்கி இறக்கித் தண்ணீர் விடுகிற கட்டடம். எங்கள் பக்கம் எல்லோருக்கும் அது சட்ரஸ்தான். அந்தப் பக்கம் தண்ணீர் இடுப்பளவு உயரத்திலிருந்து விழும். போனைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, படுத்துக்கொண்டு எடுத்தேன். திரையில் பார்த்தால் — அடடா! மலையிலிருந்து கொட்டுவது மாதிரி இருக்கிறது. நுரை, சாரல், பின்னால் மருத மரம்.

அப்போது மேலே கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஒரு தலை. காக்கிச் சட்டை. சிங்கராயர். இந்தச் சட்ரஸின் லஸ்கர். தண்ணீர் திறப்பதும் அடைப்பதும் அவர் கையில். சான்ட்ராவைப் பெற்றவரும் அவரே.

"வாய்க்கால்ல படுத்துக்கிட்டு என்னய்யா பண்ற?"

"படம் எடுக்குறேங்க."

"யாரு, மரியபுஷ்பம் மகனா?" என்றார். அந்தக் குரலே போதும். ஈஸ்டர் முடிந்ததும் அம்மா, மாதா கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் சொல்லி, பெண் கேட்டுப் பேசிப் பார்க்கச் சொன்னாள். அதற்கு இவர் சொன்ன பதில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் இன்னும் எதிரொலிக்கிறது: "வீடியோ புடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? கல்யாண வீட்டுல புடிக்கிறவனாச்சும் ஒரு வேள பிரியாணி சாப்புடுவான்."

நல்லவேளை, சான்ட்ரா அப்பாவைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, என்னைத் தெரியாதவள் மாதிரி போய்விட்டாள். போகும்போது ஹாரன் மட்டும் அடித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 25, வெள்ளி

ரீல் போட்டாச்சு. "தஞ்சாவூரில் அருவியா? புன்னைப்பத்துக்கு வாங்க, சட்ரஸ் மாமா காட்டுவார்!" சிங்கராயர் சுவர் மேல் நின்று பலகையைத் தூக்கும் இரும்புச் சாவியைச் சுற்றுவது கடைசி மூன்று நொடி, நேற்று அவருக்குத் தெரியாமல் எடுத்தது.

மாமா என்று ஏன் எழுதினேன்? ஊருக்கே மாமா என்றால் எனக்கும் மாமாதானே. யார் கேட்கப் போகிறார்கள்?

இதுவரை பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் பாதி அம்மாவாக இருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

பூசை நடுவில் பாக்கெட்டில் போன் துடிக்கிறது. நிற்கவே இல்லை. எல்லோரும் முழங்காலில் இருக்கிறோம், என் தொடை மட்டும் தனியாக நடுங்குகிறது. அம்மா ஒரு பார்வை பார்த்தாள். பிரசங்கத்தில் சாமியார் என்ன சொன்னார் என்று சத்தியமாகத் தெரியாது.

வெளியே வந்து பார்த்தால் — லட்சம்! லட்சம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது! மதுரையிலிருந்து, சேலத்திலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. "இது எங்க இருக்கு ப்ரோ?" "குற்றாலம் எல்லாம் ஓரமா போ." "யாரு இந்த சட்ரஸ் மாமா? செம ஸ்டைல்!" கோயில் வாசலில் மாதா நிற்கும் கெபி முன்னாலேயே ஒரு சுற்று ஆடிவிட்டேன். மாதா தப்பாக நினைக்க மாட்டாள்.

இளவழகன் அண்ணன் போன் பண்ணினார். பேசவே இல்லை, விசில் அடித்தார்.

ஜூலை 29, செவ்வாய்

அடி விழும் என்று நினைத்துக்கொண்டுதான் சட்ரஸுக்குப் போனேன். ஓடுவதற்கு வசதியாக வண்டியைத் திருப்பியே நிறுத்தினேன்.

சிங்கராயர் சுவர் மேல் நின்றிருந்தார். முகம் மழித்து, காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை கன்னங்கரேல். போன வாரம் வரை நரைத்த தலை. சாயம் காதிலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அருகில் போய் நிற்கிறேன், அவர் ஆற்றைப் பார்த்தபடியே பேசுகிறார்.

"அன்னிக்கு எந்தப் பக்கம் நின்னு எடுத்த?"

"வலது பக்கங்க."

"அதான. எனக்கு இடது பக்கந்தான் நல்லாருக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமலாக மாற்றிச் சமாளித்தேன். இடது பக்கம் எடுத்தேன். சாவி சுற்றுவது, மீசையைத் தடவுவது, தண்ணீரைப் பார்த்து யோசிப்பது. யோசிப்பதை மட்டும் ஐந்தாறு தடவை எடுக்கச் சொன்னார்.

சான்ட்ரா அனுப்பிய மெசேஜ்: "எங்கப்பாவ என்னடா பண்ணின? கண்ணாடி முன்னாடியே நிக்கிறாரு. அம்மா சாப்பாட்டுக்குக் கூப்புட்டா, 'இரு, கமெண்ட் படிக்கிறேன்'ங்கிறாரு."

ஆகஸ்ட் 2, சனி

கூட்டம்! நம்ம வாய்க்காலுக்குக் கூட்டம்! கார்கள், பைக்குகள், பஜ்ஜிக் கடை, பஞ்சுமிட்டாய். ஒரு அம்மா ஷாம்பு பாக்கெட்டோடு வந்து, "இன்னும் கொஞ்சம் தொறந்து விடுங்க மாமா, தலையில நல்லா விழட்டும்" என்றார். "இது பாசனத் தண்ணிம்மா, பாத்ரூம் கொழா இல்ல" என்று சொல்லிவிட்டு உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார் சிங்கராயர். எடுத்திருந்தேன். அது வேறு ஓடுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. திருவையாற்றுப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அங்கிருந்து பாதிப் பேர் புன்னைப்பத்துக்கு வந்துவிட்டார்கள். தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று என்னென்னவோ நடந்துவிட்டது. எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

இளவழகன் அண்ணன் திட்டம் போட்டுவிட்டார். "டெல்டா அருவி, ஒருநாள் உலா." திருச்சி ஸ்டேஷனிலிருந்து பஸ், காலையில் திருவையாறு, மதியம் புன்னைப்பத்தில் வாழை இலைச் சாப்பாடு, பிறகு அருவிக் குளியல். அறிவிக்க நேரலை போட்டோம். நான் தேதி சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் சிங்கராயர் போனை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"பதினேழாந்தேதி ஞாயித்துக்கெழம வாங்க. தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டும். சட்ரஸ் மாமா சொல்றேன்!"

இதயம் இதயமாகப் பறந்தது திரையில். சாயங்காலத்துக்குள் இரண்டு பஸ்ஸும் நிரம்பிவிட்டது. வாட்ஸாப்பில் நம்பர் நம்பராக வருகிறது.

அதெல்லாம் விடு. நேரலை முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு சிங்கராயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பதினேழாந்தேதி நல்லபடியா முடியட்டும். அப்புறமா ஒங்க அம்மாவ வீட்டுக்கு வரச்சொல்லு."

வரச்சொல்லு! அவரே சொன்னார்! வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. அம்மாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். "எறக்கி விடுடா, இடுப்பு புடிச்சிக்கும்" என்று கத்தினாள். ஆனால் சிரித்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாமா. மாமா. மாமா. எழுதிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலையில் இடி.

காலையில் சான்ட்ரா போன். குரலே சரியில்லை. "ஆர்டர் வந்துடுச்சு ஆல்பின். முறை வெச்சிட்டாங்க."

மேலே அணையில் தண்ணீர் குறைந்தால் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. ஒரு வாரம் இவர்களுக்கு, ஒரு வாரம் அவர்களுக்கு என்று முறை வைப்பார்கள். எங்கள் வாய்க்காலை வியாழக்கிழமை அடைக்கிறார்கள். திறப்பது அடுத்த வாரம் வியாழன். ஞாயிறு நடுவில் நன்றாக மாட்டிக்கொண்டது. அன்றைக்கு அருவி இல்லை, ஒரு சொட்டும் இல்லை.

முறை வரும் என்று இந்த டெல்டாவில் யாருக்குத் தெரியாது? தொட்டில் பிள்ளைக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கச் சட்ரஸ் சாவியைச் சுற்றிய மனுஷன், தண்ணீருக்குத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்! நான்? நானும் இந்த மண்ணில்தானே பிறந்தேன்? கைதட்டி, கீழே எழுத்தில் வேறு போட்டேனே! ரெண்டு பேருக்கும் லைக் தலைக்கேறிவிட்டது, அதுதான் விஷயம்.

ஆகஸ்ட் 13, புதன்

இளவழகன் அண்ணன் தேதி மாற்ற முடியாது என்கிறார். ஆட்கள் ரயில் டிக்கெட் போட்டுவிட்டார்களாம். "என்னமோ பண்ணு. ஆனா தண்ணி இல்லன்னு மட்டும் எங்கயும் வாயத் தொறக்காத."

கரைக்குப் போனேன். சிங்கராயர் அமைதியாக இருந்தார். "எதுக்குப் பதர்ற? ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு அரைமணி நேரம் தூக்கி விடறேன். எந்த ஆபீசரு வரப்போறான்? குளிச்சிட்டுப் போகட்டும். எறக்கிடறேன்."

அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை, சட்டையின் இஸ்திரி கெட்டுவிடும். தீர்ந்தது பிரச்சினை! நல்ல பசி. அம்மா மூன்றாவது தடவை சோறு போட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள் பூசை முடிந்து, கெபி ஓரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் சாக்கில் சான்ட்ரா பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா ஞாயித்துக்கெழம தூக்குறேன்னாராமே. நீ சரின்னியா?"

"அரைமணி நேரந்தான்..."

"அது யார் தண்ணி? ஆத்துக் கடைசில இருக்குற கடமடைக்காரங்க முறை இப்ப. நாத்து விட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ அதத் தொறந்து ஊரான் தலையில ஊத்துவ. வர்றவங்க அத்தன பேரும் கையில போனோட வர்றாங்கடா. வீடியோ எடுக்கத்தான வர்றாங்க! அந்த வீடியோ சாயங்காலத்துக்குள்ள கடமட வரைக்கும் போயிடும். மறுநாள் அப்பாவுக்கு வேல இருக்காது."

நான் மெழுகுவர்த்தியைத் தலைகீழாக நட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னாக் கேக்கல. 'ஒனக்கு என்ன தெரியும், ஜனங்க என்னய நம்பி வருது'ங்கிறாரு. நீ சொல்லு. நீதான அவர மரத்துல ஏத்துன, நீயே எறக்கு."

"நான் சொன்னா அவரு கோச்சுக்குவாரு சான்ட்ரா. அம்மாவ வரச் சொன்னவரு, வேணாம்னு சொல்லிட்டாருன்னா?"

"சொன்னா சொல்லட்டும். சொல்லாம விட்டா நான் சொல்லுவேன், வேணாம்னு."

மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். அவர் கோபித்தால் கல்யாணம் இல்லை. இவள் கோபித்தாலும் இல்லை. என்னடா ஆல்பின் இது? குதித்துக்கொண்டிருந்தாயே, இப்போது குதி பார்ப்போம்.

ஆகஸ்ட் 16, சனி

சொல்லிவிட்டேன்.

கரைக்குப் போனபோது அவர் திருகுத் தண்டுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு ஒரே சுற்றில் தூக்க வேண்டுமாம், பார்ப்பவர்களுக்கு அழகாக இருக்குமாம். ஆனாலும் சொன்னேன்: "மாமா, நாளைக்குத் தூக்க வேணாம்."

நேரில் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்!

"யாருக்கிட்ட சொல்ற?"

"ஒங்ககிட்டதான். அது கடமடத் தண்ணி. ஒங்களுக்குத் தெரியாததா? ஒங்க வேல போச்சுன்னா சான்ட்ரா மூஞ்சில நான் முழிக்க முடியாது. சாவியக் குடுத்துடுங்க."

முகம் சிவந்துவிட்டது. "தண்ணி இல்லாத சட்ரஸ் முன்னால என்னய நிக்க வெச்சி சிரிக்க வெக்கப் போறியா? நான் வாக்குக் குடுத்துருக்கேன்யா! ஊர் உலகம் பூரா பாத்துருக்கு!" சாவியைத் தரையில் போட்டார். இரும்பு, கணீரென்றது. "எடுத்துக்க. ஒங்க அம்மாவ வர வேணாம்னு சொல்லிடு."

போய்விட்டார். திரும்பியே பார்க்கவில்லை. அழுகை வந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும். சாவியைக் கொண்டுபோய் சான்ட்ராவிடம் கொடுத்தேன். அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாளாம்.

பிறகு அடைத்த சட்ரஸ் முன்னால் நின்று ஒரு வீடியோ எடுத்தேன். பாட்டு இல்லை, எதுவும் இல்லை. "நாளைக்கு இங்க தண்ணி இல்லீங்க. முறை. தேதி சொன்னது எங்க தப்பு. இப்ப தண்ணி கடைமடை வயலுக்குப் போவுது. இலைச் சாப்பாடு உண்டு, வாய்க்கால் உண்டு, அருவி கிடையாது. வேணாம்னா பணம் திரும்ப வந்துடும்." போட்டுவிட்டேன். இளவழகன் அண்ணன் போனில் திட்டினார். உட்கார்ந்தே கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு பஸ் வந்தது! ஒன்று வந்ததே! இதை எங்கிருந்து ஆரம்பிப்பேன்?

தண்ணீர் அடைத்தால் வாய்க்காலில் அங்கங்கே குட்டை நிற்கும், குட்டைக்குள் மீன் நிற்கும், புன்னைப்பத்து முழுக்க வாய்க்காலுக்குள் நிற்கும். ஒவ்வொரு அடைப்புக்கும் நடப்பதுதான். அதைப் படம் எடுக்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கூடை, கொசுவலை, பழைய வேட்டி என்று ஆளுக்கு ஒன்றோடு ஊரே சேற்றில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தது. வந்தவர்கள் புதுத் துணியோடு கரையில் நின்று பார்த்தார்கள்.

அவர்களில் அனீஸா என்று திருச்சி பேங்கில் வேலை செய்கிற ஓர் அக்கா. "நாங்க எறங்கலாமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். முழங்கால் வரை சேறு. ஒரு கெண்டையைப் பிடித்தார், அது நழுவியது, அவரும் நழுவினார், எழுந்து அப்படி ஒரு சிரிப்பு! அவ்வளவுதான். பஸ்ஸே இறங்கிவிட்டது. புன்னைப்பத்துப் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு அவர்களுக்கு மீன் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள், "வாலப் புடிக்காதீங்க, தலையப் புடிங்க!" என்று ஒரே கூச்சல்.

அப்போது ஒருவர் கேட்டார்: "சட்ரஸ் மாமா எங்க?" இன்னொருவர் கேட்டார். பிறகு எல்லோரும். "சட்ரஸ் மாமா! சட்ரஸ் மாமா!" வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரம். சான்ட்ரா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தார். இஸ்திரி போட்ட காக்கி, சீவிய தலை, உர்ரென்ற முகம். கரையில் கைகட்டி நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

சட்ரஸுக்கு அடியில், ஆழமான குட்டையில் ஒரு விரால் துள்ளியது. தொடைப் பருமன்! பேங்க் அக்காவின் கணவர் அதைக் கைக்குட்டையால் பிடிக்கப் போனார். கைக்குட்டையால்! சிங்கராயரால் அதைப் பொறுக்க முடியவில்லை. "யோவ், தள்ளுய்யா!" என்று இஸ்திரிச் சட்டையோடு குதித்தார். வழுக்கினார், உட்கார்ந்தார், முங்கினார். எழுந்தபோது நெற்றியில் கருப்புச் சாயம் ஒழுகுகிறது, மார்போடு அணைத்த விரால் அவர் தாடையில் வாலால் அடிக்கிறது. கரை முழுக்க விசில்! சான்ட்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சேற்றுக்குள் நின்று சுற்றுமுற்றும் தேடினார். என்னைப் பார்த்தார்.

"ஆல்பின்! எடுத்தியா?"

என் இரண்டு கையிலும் கெளுத்தி. போன் அம்மாவிடம். "இல்ல மாமா."

"திரும்ப விழவா?"

ஆகஸ்ட் 18, திங்கள்

விழுந்தார். இரண்டாவது தடவைதான் வீடியோவில் இருக்கிறது. அருவியைவிட வேகமாக ஓடுகிறது. அடுத்த அடைப்பு எப்போது என்று கேட்கிறார்கள்! "ஆர்டர் வந்தப்புறம்தான் சொல்லுவோம்" என்று பதில் போட்டிருக்கிறேன். இளவழகன் அண்ணன் உட்கார வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் மாமா அம்மாவை வரச் சொல்லவில்லை. நானாகக் கேட்க மாட்டேன். எப்படிக் கேட்பது?

ஆகஸ்ட் 20, புதன்

மாமா போன் பண்ணினார். என் நம்பர் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"நாளைக்கு நம்ம முறை. தண்ணி தொறக்கணும். சாவி எங்க?"

"சான்ட்ராகிட்ட மாமா."

"கேட்டேன். நீ வந்து சொன்னாத்தான் தருவாளாம்." தொண்டையைக் கனைத்தார். "அன்னிக்கி நான் தூக்கியிருந்தா இந்நேரம் வீட்டுல உக்காந்துருப்பேன். சரி, வா. வர்றப்போ ஒங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. வெறுங்கையா வர வேணாம், பூ வாங்கிக்க."

பூ! பூ வாங்கிக்க என்றார்! திருவையாற்றில் பூக்கடை எப்போது திறப்பார்கள்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோயிலில் இன்று எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள், மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பு. "புன்னைப்பத்து சிங்கராயர், லூர்துமேரி ஆகியோரின் மகள் சான்ட்ராவுக்கும்..." என்று சாமியார் ஆரம்பித்ததும் அம்மா என் கையை நசுக்கிவிட்டாள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று முடித்தார். முன்வரிசையிலிருந்து மாமா எழுந்து, திரும்பி, கோயில் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். ஒருத்தரும் இருமக்கூட இல்லை.

வெளியே வந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சாமியாரு எம்பேர வாசிச்சது கடைசி வரைக்கும் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு மாமா."

"அடுத்த வாரமும் வாசிப்பாருல்ல?"

"இன்னும் ரெண்டு வாரம் வாசிப்பாரு மாமா."

தலையை ஆட்டிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அவருக்குப் பின்னால் சான்ட்ரா முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

இன்னும் ரெண்டு ஞாயிறு. யாரும் வாயைத் திறக்கக் கூடாது, மாதாவே.